கார்டின் வெள்ளைப் பக்கம்

பச்சை மைப் பேனாவைத் திறந்தபோது இராமரின் கை நடுங்கியது.

இதே பேனாவால் இதே பொய்யை அவர் எட்டுத் தடவை எழுதியிருக்கிறார். முதல் தடவை வியர்த்தது. இரண்டாம் தடவையோடு அதுவும் நின்றுவிட்டது. எட்டுப் பேருக்கு எட்டுக் கார்ட்; எட்டும் வேலை செய்தன. இது ஒன்பதாவது. இதைத் தன் மனைவிக்காக எழுத வேண்டும். அவளுக்குத் தெரியாமல் எழுத வேண்டும்.

நேரம் இருந்தது. மயிலம்மா குளியலறைக்குப் போயிருந்தாள். கொட்டாஞ்சேனையில் அந்தப் பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஆறு குடும்பங்களுக்கு ஒரே குளியலறை, நடையின் அந்தக் கோடியில். இவர்களுடைய அறையிலிருந்து முப்பது காலடி. ஜனவரியில் அவள் அதை அரை நிமிடத்தில் நடந்தாள். இப்போது போக நான்கு நிமிடம், வர ஐந்து. இடையில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவாள். கால்கள் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் மாலைவரை குழியாகவே கிடந்தது.

இதய வால்வு. சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வந்துபோன ஒரு காய்ச்சல் அதைக் கெடுத்துவிட்டிருந்தது. ஒப்பரேஷன் செய்தால் பிழைப்பாள், செய்யாவிட்டால் இல்லை என்று கிளினிக் டொக்டர் ஜனவரியில் சொன்னார். அதற்குமேல் அவர் எதையும் நீட்டவில்லை. பெயரை லிஸ்டில் போட்டார்கள். இப்போது ஆகஸ்ட்.

இராமர் கார்டைப் பார்த்தார். முன்பக்கத்தில் தங்க எழுத்தில் அவருடைய பழைய முதலாளி குலவீரசிங்கம் சேரின் பெயர். அதன் கீழே முகாமைப் பணிப்பாளர் என்ற பதவி, கம்பெனியின் முகவரி, இரண்டு டெலிபோன் நம்பர். கம்பெனி மூடி மூன்று வருடமாகிறது. நம்பர் இரண்டும் செத்துவிட்டன. சேர் மெல்பனில் மகனோடு இருக்கிறார். உயிரோடிருப்பது கார்டின் பின்பக்கம் மட்டும்தான். சுத்தமான வெள்ளை.

அந்த வெள்ளையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினார். இதைக் கொண்டுவருபவர் எனக்கு வேண்டியவர். தயவுசெய்து கவனிக்கவும். அதன் கீழே கையெழுத்து; முதல் எழுத்தின் வால் மேலே ஏறி, வளைந்து, சறுக்கிக் கீழே விழும். சேரே பார்த்தாலும் தான் எழுதியது என்றுதான் சொல்லுவார்.

ஊதி உலர்த்தினார். நடையில் சுவரைத் தடவும் சத்தம் கேட்டது. கார்ட் சட்டைப்பைக்குள் போனது, பேனா பாய்க்குக் கீழே போனது.

மயிலம்மா வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். அறைக்குள் ஒரு தடவை பார்த்தாள்.

"என்னாங்க, மை வாசம் அடிக்குது?"

மர்ஸூக்கின் தையல்கடையிலிருந்து வந்த துணியாக இருக்கும் என்றார் இராமர். அவள் பாயில் உட்கார்ந்து, பாதியில் விட்ட சட்டைக்குக் கொக்கி தைக்கத் தொடங்கினாள்.

* * *

இராமர் அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் பியூன். ஆஸ்பத்திரிகளுக்கு மெஷின் இறக்குமதி செய்து விற்கும் கம்பெனி. சேரின் அறைக்கு இரண்டு கதவுகள். முன்கதவுக்கு வெளியே நீளமான வாங்கு. காத்திருப்பவர்கள் அதில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கக் கதவு, கார்டோடு வருபவர்களுக்கு.

யாராவது ஒரு பெரிய மனிதர் தன் விசிட்டிங் கார்டின் பின்னால் இரண்டு வரி கிறுக்கிக் கொடுத்துவிட்டால் போதும். அதைக் கொண்டுவருபவரை இராமர் பக்கக் கதவால் உள்ளே விடுவார். சேரும் மற்றவர்களுக்கு அப்படி எழுதிக் கொடுப்பார். பள்ளிக்கூட அனுமதி, மருமகனுக்கு வேலை, ஆஸ்பத்திரிக் கட்டில். அந்தக் கார்டுகளைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது பெரும்பாலும் இராமர்தான். கொழும்பில் எந்தப் பெரிய இடத்துக்கும் இப்படி ஒரு பக்கக் கதவு உண்டு என்று அவர் விளங்கி வைத்திருந்தார். பத்தொன்பது வருடம் பார்த்த எழுத்து, தானாகவே கைக்குள் இறங்கியிருந்தது.

கம்பெனி மூடிய நாளில் மேசை, அலுமாரி எல்லாம் லொறியில் ஏறின. புதிதாக அச்சடித்து உடைக்காத கார்ட் பெட்டிகள் நான்கு குப்பைக்குப் போக இருந்தன. தடித்த, நல்ல மட்டை. வீட்டுக்கு உதவும் என்று இராமர் எடுத்துக்கொண்டார். புறப்படும்போது சேர் அவரைக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து, பின்னால் எழுதி நீட்டினார்.

"இதைக் கவனமா வைச்சிரும் இராமர். உம்மட மனிசிக்கு ஒருநாள் தேவைப்படும். நெஞ்சு வருத்தம் பாக்கிற அந்த ஆஸ்பத்திரிக்கு ஸ்கான் மெஷின் நாங்கள்தான் குடுத்தது. அங்க என்ர பேருக்கு ஒரு மரியாதை இருக்கு."

அந்த ஒரு கார்ட், பிஸ்கட் டின்னுக்குள், அடையாள அட்டைகளோடு போனது. மற்ற நானூறும் மயிலம்மாவின் கைக்குப் போயின.

பக்கத்து அறை மர்ஸூக்குக்கு வெள்ளவத்தையில், சேலைக் கடைகளுக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், சின்னத் தையல்கடை. சட்டைக்குக் கொக்கி வைப்பது, சேலைக்கு ஓரம் அடிப்பது போன்ற கைவேலைகளை மாலையில் கொண்டுவந்து மயிலம்மாவிடம் தருவார். மிஞ்சிய நூலை அவள் கார்டில் சுற்றினாள். இரண்டு ஓரத்திலும் சின்ன வெட்டு, ஒரு நிறத்துக்கு ஒரு கார்ட். கொக்கிகளை டசன் டசனாகக் கார்டில் குத்தி வைத்தாள். ஆடிய மேசைவிசிறியின் காலுக்கு ஆறு கார்ட் மடித்து வைத்தாள். தூள் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டினாள். மர்ஸூக் தன் பங்குக்கு அரைப் பெட்டி வாங்கிப் போய், கீற்றாக வெட்டி ஆண்களின் சட்டைக் கொலருக்குள் செருகினார்.

"ஒங்கட சேர் இப்ப வெள்ளவத்தயில அம்பது பேர்ட கழுத்தப் புடிச்சிக்கிட்டு ஈக்கிறார் அண்ணன்," என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு போன ஒக்டோபரில் நின்றது. அவர் மனைவி பைறோஸா தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தாள். இதயத்தில் ஓட்டை என்றார்கள். ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். மர்ஸூக் இராமரின் வாசலில் வந்து நின்றார்.

டின்னைத் திறந்து சேரின் கார்டை எடுத்தவள் மயிலம்மா.

"எனக்கு இப்ப என்னாங்க? மாத்திரையில நல்லாத்தானே இருக்கேன். அவளுக்குக் குடுங்க."

கார்டைக் காட்டி மூன்றாம் வாரம் பைறோஸாவுக்கு ஒப்பரேஷன் நடந்தது. பிழைத்தாள். அவளைவிட அதிகமாகப் பிழைத்தவர் மர்ஸூக். சந்தோஷத்தில் அவருக்கு வாய் நிற்கவில்லை. கிளினிக் வாங்கில் புதன்கிழமைதோறும் உட்கார்ந்திருக்கும் அத்தனை இதய நோயாளிகளுக்கும் கொட்டாஞ்சேனையில் இராமர் என்று ஒருவர் இருப்பது தெரிந்துபோனது.

ஜனவரியில் முதல் ஆள் வந்தார். பாமன்கடையிலிருந்து ஓர் ஆசிரியை, மகனுக்காக. படியேறி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இராமர் சேரின் வீடு இதுதானா என்று கேட்டார்.

சேர். பத்தொன்பது வருடம் 'டேய் இராமர், டீ' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. உண்மையான கார்ட் போய்விட்டது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நாளைக்கு வாருங்கள் என்றார். அன்றே பெட்டிக்கடையில் ஒரு பச்சை மைப் பேனா வாங்கினார்.

பிறகு கிருலப்பனையிலிருந்து ஒருவர். ஹெந்தளையிலிருந்து ஒரு மீன் வியாபாரி. அப்படியே எட்டுப் பேர். ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு மேல் அவர் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. பயம் இருந்தது. என்றைக்காவது ஒருநாள் ஆஸ்பத்திரியில் யாராவது அந்தச் செத்த நம்பரை அழுத்திப் பார்த்தால் பொலிஸ் ஜீப் ஒழுங்கைக்குள் வரும். அதற்காகவே அந்தக் கவுண்டர் பக்கம் அவர் தலை காட்டவில்லை. இப்போது அவர் வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடிக்குக் காவலாளி, பகல் வேலை. மயிலம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போனதும் பைறோஸாதான்.

அதே ஜனவரியில்தான் மயிலம்மாவின் பெயரும் லிஸ்டில் ஏறியது. பன்னிரண்டாவது. கிழமைக்கு ஓர் ஒப்பரேஷன், வாராவாரம் வியாழக்கிழமையில். மருந்து இல்லாத கிழமைகளைக் கழித்துவிட்டாலும் மே மாதத்துக்குள் முறை வந்துவிடும் என்றார்கள். இராமர் அவளுக்கும் ஒரு கார்ட் எழுதுவதாகச் சொன்னார்.

"வேணாங்க. உண்மையான கார்ட குடுத்தாச்சு. பொய்க் கார்ட காட்டி என் நெஞ்சத் தொறக்க வேணாம். எல்லாரையும் மாதிரி நானும் வருசையில வாறேன்."

அவர் வற்புறுத்தவில்லை. உள்ளுக்குள் அவருக்கு அது வசதியாகவும் இருந்தது. மற்றவர்கள் பிடிபட்டால் யாரோ கொடுத்தது என்பார்கள். தன் மனைவியின் கையில் பிடிபட்டால் வீட்டு விலாசம் நேராக வரும். எப்படியும் அவள் வாங்கில் இருக்கிறாள். கார்ட்காரர்கள் பக்கக் கதவால் போகிறார்கள். அவர்கள் போவதால் வாங்கில் இருப்பவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

மே வந்தது. ஒரு புதன்கிழமை கிளினிக்கிலிருந்து வந்த மயிலம்மா, நாளைக்கு ஹெந்தளை மீன்காரருக்குச் செய்கிறார்களாம், இன்றைக்கே வோர்ட்டுக்குள் கூப்பிட்டுவிட்டார்கள் என்றாள். இராமருக்கு அன்று முழுவதும் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியோடு ஒரு முட்டை அதிகமாகப் பொரிக்கச் சொன்னார்.

மயிலம்மாவை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

* * *

ஆஸ்பத்திரிக் கவுண்டருக்குப் பின்னால் ஷெரோமி என்ற பெயர்ப்பட்டி குத்திய பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். முன்னால் தடித்த பதிவுக் கொப்பி ஒன்று, ஓரம் கிழிந்து செலோடேப் ஒட்டியது. இராமர் காவலாளிச் சீருடையில் வரவில்லை. பழைய கம்பெனி வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். கார்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

ஷெரோமி முன்பக்கத்தைப் பார்த்தாள். திருப்பினாள். மறுபடியும் முன்பக்கத்தைப் பார்த்தாள்.

"இதுவும் குலவீரசிங்கம் சேர்டயா? ஒங்கட சேருக்குக் கொழும்பு முழுக்க சொந்தக்காரங்களா அய்யா?"

இராமர் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

"நல்ல மனுசன்," என்றாள் அவள். "மெஷினயும் குடுத்து, ஆக்களயும் அனுப்பிக்கிட்டே இருக்கார். ஒரு நாளைக்கி இவருக்கு கோல் எடுத்துக் கதைக்கணும்."

அவள் கை மேசையிலிருந்த டெலிபோன் மேல் இருந்தது. விரல் ரிசீவரைத் தட்டிக்கொண்டிருந்தது. கண் கார்டிலுள்ள நம்பர் மேல். இராமரின் முதுகுத்தண்டில் ஒரு துளி வியர்வை இறங்குவது அவருக்கே தெரிந்தது. ஓடலாம். கதவு பதினைந்து அடி தூரத்தில் இருக்கிறது. ஆனால் கார்ட் அவள் கையில்.

டெலிபோன் தானாக அடித்தது. அவள் எடுத்து, சிங்களத்தில் யாருக்கோ இரத்தம் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வைத்தாள். வைத்தவுடன் நம்பரை மறந்துவிட்டாள்.

"நோயாளி பேர்?"

இராமர் மூச்சை விட்டார். தப்பிவிட்டோம் என்று நினைத்தார். ஆபத்து இன்னும் வரவேயில்லை என்பது அவருக்குத் தெரியாது.

"மயிலம்மா மிஸ். எங்க வீட்டுக்காரி."

ஷெரோமி கொப்பியைப் பிரித்தாள். ஒரே நீளமான லிஸ்ட். எண், பெயர், வயது. சில பெயர்கள் குறுக்கே வெட்டப்பட்டிருந்தன. சில வெட்டிய பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு கார்ட் ஸ்டேப்ளர் அடித்து நின்றது. வெள்ளைப் பக்கம் மேலே. பச்சை மை.

இராமருக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது. இருந்தும் அவர் தன் எழுத்தைத் தலைகீழாகவும் அடையாளம் கண்டார். பக்கத்துக்குப் பக்கம் அதே வால், ஏறி, வளைந்து, சறுக்கி. கொப்பியின் முன்பக்கங்களில் எங்கோ, மஞ்சள் பிடித்த ஒன்று. அது மட்டும் சேருடையது.

"இது என்னா மிஸ், எல்லாம் ஒரே லிஸ்டிலயா இருக்கு?"

"வேற எங்க இருக்கும்?"

"கார்ட் கொண்டு வாறவங்களுக்கு வேற லிஸ்ட் இல்லையா?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஒப்பரேஷன் தியேட்டர் ஒண்டுதானே அய்யா. கிழமைக்கு ஒரு ஆள்தான் உள்ள போகலாம். கார்ட் வந்தா அந்த ஆள மேல போடுவன். மத்த எல்லாரும் ஒரு படி கீழ."

"கீழயா?"

"கீழதான். வேற எங்க போறது?"

அவள் விரல் லிஸ்டில் இறங்கி ஓரிடத்தில் நின்றது. புருவம் சுருங்கியது.

"மயிலம்மா. பேர் ஜனவரியில இருந்தே இருக்கு. பன்னெண்டாவதா ஏறியிருக்கா." விரல் மேலே போய் ஒவ்வொரு வெட்டாக எண்ணிக்கொண்டு வந்தது. "அதுக்குப் பொறகு பதினாறு பேருக்குச் செஞ்சாச்சி. அதுல எட்டு கார்ட். இப்ப இவங்க நாலாவது." பிறகு, வெறுமனே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டாள்: "கார்ட் இருந்திச்சிதானே அய்யா, அத அப்பவே ஏன் கொண்டு வரல்ல?"

இராமர் வேறொன்றைக் கேட்டார். கார்டே வராமல் இருந்திருந்தால் பன்னிரண்டாவது ஆளுக்கு எப்போது முறை வந்திருக்கும்?

ஷெரோமி பன்னிரண்டாவது வெட்டைத் தேடினாள். மே பதினைந்து, வியாழக்கிழமை என்றாள். அந்த நாளில் செய்தது ஹெந்தளையிலிருந்து வந்த ஒருவருக்கு.

அன்றைக்கு முட்டை அதிகமாகப் பொரிக்கச் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. பொரித்தவள் அவள்தான். அடுப்படிக்கும் பாய்க்கும் இடையில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். அதையும் அவர் பார்த்திருந்தார்.

பக்கக் கதவு என்று ஒன்று இருந்ததேயில்லை. சேரின் அறையிலும் இருந்ததில்லை. அங்கே கார்டோடு வந்தவரை உள்ளே விட்ட ஒவ்வொரு தடவையும் வாங்கில் இருந்தவர்கள் இன்னும் ஒரு மணித்தியாலம் காத்திருந்தார்கள். கதவைத் திறந்துவிட்டவர் அவர். வாங்கைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தவரும் அவர்.

ஷெரோமி கார்டைக் கொப்பியின் மேல் வைத்து, முதல் பெயருக்கு மேலே பென்சிலால் மயிலம்மா என்று எழுதினாள். திங்கட்கிழமை ஸ்கானுக்கு வரட்டும், எல்லாம் சரியென்றால் வியாழன் எடுக்கலாம் என்றாள். அவளுடைய பென்சிலுக்குக் கீழே, ஒரு படி இறங்கிய பெயர் இராமருக்குத் தெரிந்தது. ரதி. வயது இருபத்திரண்டு.

கையை நீட்டிக் கார்டைத் திருப்பி எடுத்திருக்கலாம். அவர் எடுக்கவில்லை. நன்றி மிஸ் என்றார்.

* * *

திங்கட்கிழமை மயிலம்மாவை வாடகை முச்சக்கரவண்டியில் கூட்டிப்போனார். ஸ்கான் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். படிக்கட்டில் மர்ஸூக் அவளைக் கதிரையில் உட்காரவைத்து, அப்படியே தூக்கி இறக்கினார். ஸ்கான் அறையின் மெஷினில் கம்பெனியின் பெயர் பொறித்த சின்னப் பித்தளைத் தகடு இன்னும் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்தத் தகட்டை எத்தனை மெஷினில் துடைத்திருப்பார். இப்போது அதன் கீழே அவள் படுத்திருந்தாள்.

டொக்டர் இளம் ஆள். இராமரை மட்டும் வெளியே கூட்டிவந்து, சிங்களத்தில், மெதுவாகச் சொன்னார். இதயம் பெருத்துவிட்டது. நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறிவிட்டது. இந்த நிலையில் மேசையில் போட்டால் மேசையிலேயே போய்விடுவார். மருந்தைக் கூட்டித் தருகிறோம், வீட்டில் வைத்துப் பாருங்கள். மே, ஜூன் அளவில் செய்திருக்கலாம் என்றார். அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. இராமருக்கும் அவருக்கும் இடையில் காற்றில் வைத்துவிட்டுப் போனார்.

எவ்வளவு காலம் என்று இராமர் கேட்டார். டொக்டர் அவர் தோளைத் தொட்டார். வருடப் பிறப்பைப் பற்றி ஒன்றும் நினைக்க வேண்டாம் என்றார்.

மருந்துச் சீட்டில் முத்திரை குத்த மறுபடியும் அதே கவுண்டர். ஷெரோமிக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. ரப்பரை எடுத்து மயிலம்மாவின் பெயரை அழித்தாள். கீழே, நாலாவது இடத்திலிருந்த பழைய பெயரைப் பேனாவால் வெட்டினாள். ரதியின் பெயர் ஒரு படி ஏறியது. பிறகு, கிளிப்பில் செருகியிருந்த பச்சை மைக் கார்டை எடுத்து நீட்டினாள். அவள் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

"இத வச்சிக்கோங்க அய்யா. இதுல பேர் ஒண்டும் இல்லதானே. வேற யாருக்காவது ஒதவும்."

* * *

மர்ஸூக் மயிலம்மாவை மேலே தூக்கிப்போய் விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். இராமர் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பியபோது படிக்கட்டில் பைறோஸா. இரண்டு கையிலும் தண்ணீர் வாளி. ஒன்று தனக்கு, ஒன்று மயிலம்மாவுக்கு. இரண்டு மாடியையும் ஒரே மூச்சில் ஏறி, மேலே நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே தையல் தழும்பின் நுனி முக்காட்டு ஓரத்தில் தெரிந்தது. மூச்சு வாங்கவில்லை.

"அண்ணன், அக்காவுக்கு தேதி கெடச்சிச்சா?"

இராமர் தலையாட்டினார். ஏன் ஆட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. பைறோஸாவின் முகம் மலர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றவள், இன்னொரு செய்தியும் சொன்னாள். மர்ஸூக் நேற்று கடையில் ஓர் ஆளைச் சந்தித்தாராம். பிள்ளைக்கு வால்வாம். நாளைக்கு அனுப்பட்டுமா என்று கேட்கச் சொன்னாராம்.

"கார்ட் முடிஞ்சிருச்சு," என்றார் இராமர்.

பைறோஸாவுக்கு விளங்கவில்லை. அவர்கள் அறைக்குள் இன்னும் ஒரு முழுப் பெட்டி இருப்பது அவளுக்குத் தெரியும். அதன்மேல்தான் அரிசி டின் நிற்கிறது.

உள்ளே மயிலம்மா பாயில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். மடியில் கறுப்புச் சட்டை ஒன்று, கொக்கி பாதி தைத்தது. சாயங்கால வெயில் ஜன்னலால் வந்து அவள் வீங்கிய கால்களில் விழுந்திருந்தது. பக்கத்தில் நூல் டின். உள்ளே வரிசையாகக் கார்டுகள். சிவப்பு, மஞ்சள், நீலம், ஊதா. எல்லாவற்றிலும் நூலுக்கு நடுவே குலவீரசிங்கம் சேரின் பெயரின் ஏதோ ஓர் எழுத்து தங்கமாக எட்டிப் பார்த்தது.

"டொக்டர் உங்களத் தனியாக் கூப்ட்டாரே. என்னா சொன்னாரு?"

"தேதி குடுத்துட்டாங்க மயிலு."

"எப்ப?"

"வாற கிழமைக்கு அடுத்தது. இருபத்தெட்டு. வியாழக்கெழம."

அவள் அதை ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதுபோல உதட்டை அசைத்தாள்.

"பைறோஸாவுக்குத் துண்டு ஒண்ணு குடுத்தாங்களே, தேதி போட்டு. நமக்குக் குடுக்கலையா?"

வாயால்தான் சொன்னார்கள் என்றார் இராமர். அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை ஊன்றி, சிரமப்பட்டு ஒரு பக்கமாகச் சரிந்து, பாயின் ஓரத்தைத் தூக்கினாள். அடியிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"மறந்துருவீங்க. எழுதி வைங்க."

இராமர் பேனாவை வாங்கினார். சட்டைப்பையில் ஷெரோமி திருப்பித் தந்த கார்ட் இருந்தது. வேறு காகிதம் அறையில் எவ்வளவோ இருந்தது, ஆனால் கை அதைத்தான் எடுத்தது. இரண்டு வரிக்கும் கையெழுத்துக்கும் கீழே கொஞ்சம் வெள்ளை மிச்சமிருந்தது. அங்கே எழுதினார். இருபத்தெட்டு, வியாழன். கை நடுங்கவில்லை. எழுத்து அழகாகவே வந்தது.

மயிலம்மா கார்டை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. பச்சை தெரியும்.

"அவங்கெல்லாம் நல்லா இருக்காங்கதானே? அந்த எட்டுப் பேரும்?"

"ஆமா."

"மீன்காரரு?"

"யாவாரத்துக்குப் போறாராம்."

"நல்லது."

நடையில் பைறோஸா யாரிடமோ உரத்த குரலில் அக்காவுக்குத் தேதி கிடைத்துவிட்டது என்று சொல்லுவது கேட்டது. யாரோ கை தட்டினார்கள்.

மயிலம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். கார்டின் இந்த ஓரத்தில் ஒரு வெட்டு, அந்த ஓரத்தில் ஒரு வெட்டு. மடியிலிருந்த கறுப்பு நூலின் நுனியை வெட்டில் செருகி, சுற்றத் தொடங்கினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மூச்சு. முதலில் மேலே இருந்த இரண்டு வரி மறைந்தது. பிறகு கையெழுத்தின் வால். நடுவில் ஒரு தடவை கையை நெஞ்சில் வைத்து நிறுத்தினாள். இராமர் உதவ எழுந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சுற்றினாள்.

வியாழன் என்ற சொல் கடைசியாக மறைந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கார்டை டின்னுக்குள், கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் வைத்தாள்.